வாட்டம் இல்லாத தரை

மீன் வரிசையில் ஒன்பதாம் நம்பர் கடைக்காரிக்கு இடியக்கா என்று பெயர் வைத்தது யாரோ, தெரியாது. வைத்தவர் தப்பித்துப் போய்விட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் "போயிட்டு வாங்க சார்" என்று அன்பாக வழியனுப்பினால்கூட அந்த சார், ஏதோ தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "என் பஸ்ஸுக்கு ஹார்னே தேவைப்பட்டதில்ல, இவளை முன்சீட்டுல உக்கார வெச்சாப் போதும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தக் கதையில் அவள் கத்தியதெல்லாம் நியாயமான கத்தல். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது வேலைக்குப் போகிறேன் என்று அப்பா போனார். போனவர் போனவர்தான். செத்தாரா ஓடினாரா என்று அக்கம்பக்கம் இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்தும். இடியக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "சாகப் போறவனுக்கு அஞ்சு சட்டை எதுக்கு? கொடியில காஞ்சதைக்கூட விடாம உருவிட்டுப் போயிருக்கான்" என்பாள். அம்மா படுத்த படுக்கையானாள். தம்பிக்கு அப்போது நாலு வயது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்தவர் கடையில் மீன் செதில் சுரண்ட உட்கார்ந்தவள்தான் இவள். இடது கட்டைவிரல் நகம் இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. அது பதினைந்தாம் வயதில் கத்தி வழுக்கியதால் வந்தது.

தம்பியை மட்டும் மீன் பக்கம் அண்டவிட்டதில்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் நாறினாப் போதும்" என்று அவனைப் படிக்கவைத்தாள். படிப்பு ஏறவில்லை. டைல்ஸ் போடுகிறவர்களோடு அனுப்பினாள். அங்கே அவனுக்குக் கை வந்தது. முதலில் குளியலறைகள், பிறகு ஆஸ்பத்திரி வராந்தாக்கள், அப்புறம் நகக்கண் அளவு சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்துத் தரையில் படம் வரைகிற நுணுக்க வேலை. ஆள் வாயே திறக்க மாட்டான். வீட்டுக்கு வேண்டிய சத்தத்தையெல்லாம் அக்காவே போட்டுவிட்டதால் அவனுக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பார் வீட்டுக்காரர்.

பழைய மார்க்கெட்டை இடித்தபோது ஊரில் பாதிப்பேர் உருகினார்கள். அவர்களைக் கண்டாலே இடியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உருகுறவங்க யாராவது அங்க ஒரு நாள் உக்காந்து மீன் வித்திருக்காங்களா? மேல தகரம் ஒழுகும், கீழ எலி ஓடும். ஒரு பெரிய எலி இருந்துச்சு, அதுக்கு நாங்க சூப்பர்வைசர்னு பேரே வெச்சிருந்தோம்" என்பாள். புதுக் கூடம் திறக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான்.

அந்தக் கூடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரயில் சுரங்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி நட்டநடு ஊரில் வைத்த மாதிரி ஒரே வளைவு. அந்த வளைவின் தடிமனுக்குள்ளேயே வீடுகள், எட்டு மாடி. ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது, கீழே மார்க்கெட் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் முழுக்கக் கண்ணாடி. அண்ணாந்து பார்த்தால் வளைவின் உள்பக்கம் பூராவும் படம். ஆள் உயரத் திராட்சை, குடிசை அளவு தக்காளி, பட்டாணி உருண்டுவரும் பச்சைக் காய், எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு பஸ் நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன். தரையிலோ, பெரிய கண்ணாடிக் கதவில் தொடங்கி மீன் வரிசை முழுக்க ஒரு நீல ஆறு. சில்லுச் சில்லாகப் பதித்து, மெருகேற்றி, பளபளவென்று. மேலே இருக்கிற வெள்ளி மீன் கீழே அந்த ஆற்றுக்குள் தலைகீழாக நீந்துகிற மாதிரி தெரியும். திறப்புநாளன்று இடியக்கா ஐந்து நிமிஷம் பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் உடம்பு சரியில்லையோ என்று பயந்தே போனார்கள்.

ஆறாவது நிமிஷம் ஆரம்பித்தாள். "இந்த ஆறு இருக்குல்ல, இது என் தம்பி போட்டது! ஏழு மாசம் முட்டி போட்டுப் போட்டான்!" கேட்டவரிடம் சொன்னாள், கேட்காதவரைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். நண்டுக்காரரிடம் மட்டும் மூன்று தடவை சொன்னாள். தம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு ஓரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

இரண்டாவது வாரம் விஷயம் தெரிந்துபோயிற்று. தண்ணீர் போகவில்லை.

மீன் கடை என்றால் தண்ணீர்தான். ஐஸ் உருகும், மீன் கழுவும் தண்ணீர் வழியும், வாங்குகிறவர் பையிலிருந்து சொட்டும். அதனால்தான் எந்த மீன் கடைத் தரையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு இருக்கும். வாட்டம் என்பார்கள். வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடிச் சாக்கடையில் விழும், உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இந்தக் கூடத்தில் சாக்கடை வாய் கடைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருந்தது. கடைக்கு முன்னால் ஆட்கள் நடக்கிற இடத்தில், அந்த அழகான ஆற்றின்மேல், தண்ணீர் அப்படியே நின்றது. மேசைமேல் போட்ட கண்ணாடி மாதிரி தரை அவ்வளவு மட்டம். ரப்பர்க் கட்டையால் தள்ளினால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், கட்டையை எடுத்ததும் திரும்பி வரும். ஒரு நாளைக்கு இருபது தடவை தள்ளினாள். இடுப்பு கழன்றது. சில்லுகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய கோடுகளில் மீன் தண்ணீர் ஊறி, மூன்றாவது மாதத்தில் நாற்றம் கிளம்பியது. நாற்றம் எங்கே போகும்? வளைவில் ஏறி நேரே வீடுகளின் ஜன்னலுக்குத்தான் போகும்.

மாடியிலிருந்து புகார் மேல் புகார் வந்தது. அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? மீன் வரிசைக்காரர்களுக்குச் சுத்தம் பற்றி வகுப்பு எடுத்தது. ஒரு பெண் வந்து படம் போட்டுக் காட்டி, கையை எப்படிக் கழுவுவது என்று சொல்லிக்கொடுத்தாள். இடியக்காவுக்கு! முப்பத்தெட்டு வருஷமாக மீன் வெட்டுகிறவளுக்கு!

"பாப்பா, என் கையை மோந்து பாரு" என்று நீட்டினாள். "பாத்தாச்சா? இப்ப குனிஞ்சு இந்தத் தரையை மோந்து பாரு. அப்புறம் யாரைக் கழுவணும்னு நீயே போய் ஆபீஸ்ல சொல்லு."

அவள் சொன்னாளோ இல்லையோ, ஒன்றும் நடக்கவில்லை. மனு எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் கிணற்றில் போட்ட கல்தான்.

வெளியே இவ்வளவு கத்தினவள் ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கிக்கொண்டாள். தரையைப் போட்டவனை ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் அவள்தானே. அதற்கும் சேர்த்து வீட்டில் வட்டியோடு கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி சாப்பிட வந்தான், தட்டை வைக்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏண்டா, குளியலறைக்கு வாட்டம் வெக்கத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வெக்கத் தெரியும், அக்கா நிக்கிற இடத்துக்கு மட்டும் தெரியலையா? உனக்குக் கை எங்க போச்சு? கண்ணு எங்க போச்சு?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுடா!"

"தப்பு நடந்துருச்சுக்கா" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் நெம்புகோல் போட்டாலும் ஒரு வார்த்தை வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். "நான் அன்னைக்கே சொன்னேன், சாப்பிடுற நேரத்துல ஹார்ன் அடிக்காதன்னு" என்றார் வீட்டுக்காரர். அவர் தட்டும் பிடுங்கப்பட்டது. அதற்குப் பிறகு தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

எட்டாவது மாதம் கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மீன் வரிசையின் பன்னிரண்டு கடைகளும் அடித்தளத்துக்கு, கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், மாற்றப்படும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடி முடிவு செய்யும். அடித்தளத்தை இடியக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெளிச்சம் கிடையாது. கார்ப் புகை உண்டு. வண்டியை நிறுத்தினவன் மேலே போகிற லிஃப்டைத் தேடுவானா, மீனைத் தேடுவானா? ஆறு மாதத்தில் பன்னிரண்டு கடையும் மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதில் அவள் இனி எந்த வேலைக்குப் போவாள்?

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். வந்து மூன்று மாதமே ஆன புது ஆள். திறப்புநாள் தம்பட்டமெல்லாம் அவருக்குத் தெரியாது.

"உக்காருங்கம்மா. நீங்க சொன்னதுதான் சரி. தரையில வாட்டம் இல்ல. ஆனா டிராயிங்ல இருக்கு, இங்க பாருங்க, அம்புக்குறி போட்டிருக்கு. தரை போட்ட ஆள்தான் டிராயிங் படி போடல. நீங்க பன்னிரண்டு பேரும் அந்த ஆள் மேல புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, நாங்க அவரைத் தள்ளி வெச்சுட்டு வேற ஆள விட்டுச் சரிபண்ணிடுவோம். நீங்க மேலயே இருக்கலாம்."

"தள்ளி வெச்சுட்டுன்னா?"

"இந்த ஊர்ல இனிமே பெரிய வேலை எதுவும் அவருக்குக் கிடைக்காது. அது அவர் பாடு."

தாளை நீட்டினார். பதினோரு கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. நண்டுக்காரருடையதும் அதில் இருந்தது. மூன்று தடவை தம்பி பெருமை கேட்ட அதே நண்டுக்காரர். கடைக்குத் திரும்பியபோது அவர் நண்டுகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"எண்ணுங்க, எண்ணுங்க, ஒண்ணு ரெண்டு ஓடிப் போயிருக்கப் போகுது" என்றாள் இடியக்கா.

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரம். தாளை வெட்டுப்பலகை மேல் விரித்து வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தாள். பொய்யாகவா எழுதியிருக்கிறார்கள்? வாட்டம் இல்லை, உண்மை. போட்டது அவன், உண்மை. எட்டு மாதம் இடுப்பொடியத் தள்ளியது அவள், அதுவும் உண்மை. தப்புப் பண்ணிவிட்டுத் தட்டிலிருந்து எழுந்து போனானே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் பேனாவின் மூடியைக் கழற்றினாள். கை ஈரத்தில் பேனா வழுக்கி விழுந்தது. மீன் வைக்கிற மேடைக்கு அடியில் உருண்டது. உருண்டது, உருண்டது, பின்சுவர் வரைக்கும் உருண்டுபோய் டக்கென்று சாக்கடை மூடியில் முட்டி நின்ற சத்தம் கேட்டது.

"சனியன்" என்று திட்டிக்கொண்டே பெட்டிகளை நகர்த்திவிட்டு வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, போன் விளக்கை அடித்தாள். பேனாவை எடுத்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. இந்தத் தரையில் பேனா எப்படி உருளும்? எட்டு மாதத்தில் ஒரு எலுமிச்சம்பழம்கூட இங்கே உருண்டதில்லையே!

ஒரு குவளைத் தண்ணீரை மேடைக்கு அடியில் ஊற்றினாள். சரசரவென்று ஓடிச் சாக்கடைக்குள் விழுந்தது. பக்கத்துக் கடை மேடைக்கு அடியில் ஊற்றினாள். ஓடியது. "என்னக்கா பண்றீங்க" என்று பதறின நண்டுக்காரரைத் தள்ளிவிட்டு அவர் மேடைக்கு அடியிலும் ஊற்றினாள். ஓடியது. பன்னிரண்டு கடையிலும் மேடைக்கு அடியில் அற்புதமான வாட்டம். ஒழுங்காகப் போகிற தண்ணீரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நிற்கிற தண்ணீரோடு மல்லுக்கட்டவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

உலகத்தில் எந்த வேலைக்காரனும் கண் படுகிற இடத்தில் நன்றாகப் போட்டுவிட்டு, மறைவில் ஏனோதானோ என்று பூசி மெழுகுவான். இவன் தலைகீழாகப் பண்ணியிருக்கிறான். ஆள் பார்க்காத இடத்தில் சரியாக, பார்க்கிற இடத்தில் தப்பாக. தெரியாமல் நடந்த தப்பு இல்லை இது.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். போகட்டும். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கழிப்பறையில் தம்பி சிமெண்டுக் கையோடு முட்டி போட்டிருந்தான்.

"மேடைக்கு அடியில வாட்டம் வெச்சவன், வெளியில ஏண்டா வெக்கல?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். கையைச் சட்டையிலேயே துடைத்தான். எழுந்திருக்கவில்லை.

"முதல்ல வெளியிலயும் வாட்டத்தோடதான் போட்டேன்க்கா. மூணு வரிசை முடிச்சேன். ஆர்க்கிடெக்ட் சார் வந்து பார்த்தாரு. மேல இருக்கிற மீன் தரையில கோணலாத் தெரியுது, வளைஞ்சு போயிருக்குன்னாரு. ரசமட்டத்தை அவரே வெச்சுப் பார்த்து, தரை குளம் மாதிரி அசையாம இருக்கணும், எல்லாத்தையும் பேத்துட்டு மட்டமாப் போடுன்னாரு."

"நீ சொல்ல வேண்டியதுதானே, இது மீன் கடை, தண்ணி நிக்கும்னு?"

"சொன்னேன். தண்ணிய மீன்காரங்க தள்ளிக்குவாங்கன்னாரு."

"தள்ளிக்குவாங்களா!" அந்தக் கழிப்பறையே அதிர்ந்தது. "அந்த ஆளு ஒரு நாள் தள்ளட்டும்டா! ஒரே ஒரு நாள்! இதை ஏண்டா எங்கிட்ட சொல்லல? அன்னைக்குச் சோத்துத் தட்டுல அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

அவன், அவள் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவர் சொன்னதுக்காக மட்டும் போடலக்கா. மட்டமாப் போட்டு ஒரு துண்டு மெருகேத்திப் பார்த்தோம். மேல இருக்கிற மீன் அப்படியே உள்ள இறங்கி நின்னுச்சு. நான் இத்தனை வருஷம் கக்கூஸ் தரை போட்டவன்க்கா. அந்த மாதிரி ஒண்ணு என் கையால ஆகும்னு நான் நினைச்சதே இல்ல. தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரியும். நீதான் அங்க நிக்கப் போறேன்னும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். மேடைக்கு அடியிலயாவது உனக்குச் சரியாப் பண்ணணும்னு பண்ணினேன்."

அவளுக்கு அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. கடைசியில், "வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து சேரு. வரலேன்னா வீட்டுக்கே வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்" என்றாள்.

வியாழக்கிழமை குழு மீன் வரிசைக்கே வந்தது. மேனேஜர், வீடுகளின் சார்பில் மூன்றாம் மாடி அம்மா, கறுப்புச் சட்டையும் வட்டக் கண்ணாடியுமாக ஆர்க்கிடெக்ட். தம்பி ஒரு தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றான்.

"அந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டீங்களாம்மா?" என்றார் மேனேஜர்.

இடியக்கா தாளை எடுத்து, நாலாகக் கிழித்து, மீன் குடல் வாளியில் போட்டாள். "இப்பப் போட்டேன்" என்றாள்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஆற்றின்மேல் கொட்டினாள். எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். தண்ணீர் பரந்து, பளபளத்து, அப்படியே நின்றது. இரண்டாவது வாளியை மேடைக்கு அடியில் கொட்டினாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மூச்சு விடுகிற நேரத்துக்குள் தண்ணீர் காணாமல் போயிருந்தது.

"ரெண்டையும் போட்டது ஒரே ஆளு" என்றாள் இடியக்கா. "என் தம்பி. அதோ தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குதே, அதுதான். அங்க வாட்டம் வெக்கத் தெரிஞ்சவனுக்கு இங்க வெக்கத் தெரியாதா? வெச்ச மூணு வரிசையைப் பேக்கச் சொன்னது யாரு? அம்புக்குறி காட்டுறீங்களே, அந்த அம்புக்குறி அன்னைக்கு எங்க போச்சு? எங்களுக்குக் கை கழுவச் சொல்லிக்குடுக்க ஆள் அனுப்பினீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல? தண்ணிய மீன்காரங்க தள்ளிக்குவாங்களாம்! வாங்க சார், கட்டை இங்கதான் இருக்கு, நீங்க தள்ளுங்க, நான் பாக்குறேன்!"

ரப்பர்க் கட்டையை ஆர்க்கிடெக்ட் கையில் திணித்தேவிட்டாள். அந்த மனிதர் கட்டையைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்தார். அதில் வெள்ளி மீனும் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. "நான்தான் சொன்னேன்" என்றார் மெல்ல.

தூணுக்குப் பின்னாலிருந்து தம்பி வெளியே வந்தான். "நானும்தான் சரின்னு சொன்னேன்" என்றான்.

இடியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னை யாருடா இப்பக் கேட்டது? காப்பாத்தி வெளியில இழுத்தா, திரும்ப ஓடிப்போய்த் தலையைக் குடுக்குதே! எட்டு மாசம் பேசாத வாய்க்கு இப்ப என்னடா அவசரம்?"

மூன்றாம் மாடி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எனக்கு யார் தப்புன்னு தெரிய வேண்டாம். நாத்தம் போகணும். மீனை நானும் இங்கதான் வாங்குறேன், கார் நிக்கிற இடத்துல போய் வாங்க மாட்டேன்" என்றார். மேனேஜர் தரையை உடைக்க முடியாது, படம் பத்திரிகையில் எல்லாம் வந்திருக்கிறது என்று இழுத்தார். கடைசியில் ஆர்க்கிடெக்ட்தான் வழி சொன்னார். ஒரு சாண் அகலத்துக்கு ஆற்றுக்குக் குறுக்கே ஓடை வெட்டி மேடையடி வாட்டத்தோடு சேர்த்துவிட்டால், பக்கத்தையும் கொஞ்சம் இழைத்துவிட்டால், தண்ணீர் போய்விடும். மற்ற சில்லுகள் உதிராமல் அதை வெட்ட, போட்டவனால் மட்டும்தான் முடியும். திங்கட்கிழமை மார்க்கெட்டுக்கு விடுமுறை. அன்றைக்கு வெட்டித் தண்ணீர் ஓடினால் மீன் வரிசை மேலேயே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்தானது.

திங்கட்கிழமை காலை கூடம் காலியாக இருந்தது. கண்ணாடி வழியாக வெயில் வந்து தரை முழுக்கப் படுத்திருந்தது. பன்னிரண்டு கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். மேனேஜரும் ஆர்க்கிடெக்டும் வந்திருந்தார்கள். தம்பி கட்டரையும் உளியையும் சுத்தியலையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். முட்டி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான்.

"எங்கக்கா வெட்டணும்?"

அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். எட்டு மாதம் தள்ளினவளுக்குத் தெரியாதா, எவ்வளவு மட்டமான தரையிலும் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று? ஒரு வாளியை எடுத்துக் கொட்டினாள். தண்ணீர் பரந்தது, தயங்கியது, பிறகு மெதுவாக ஆற்றின் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தது. வளைவில் ஒரு கையகல இடத்துக்குள் பச்சை நீலமாகி, நீலம் கறுப்பாகி, கறுப்பிலிருந்து திரும்ப வெளிச்சம் வரும். அந்த இடத்துக்கு மட்டும் பதினோரு நாள் ஆயிற்றாம். திறப்புநாளன்று அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுவந்து காட்டியது அந்த இடத்தைத்தான்.

அவன் அதைப் பார்த்தான். நெஞ்சில் கைவைத்த மாதிரி உளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒரு முழம் தள்ளி வெட்டட்டுமா?"

நாலு வயதிலிருந்து அவன் அவளிடம் எதையுமே கேட்டதில்லை. கொடுத்ததைத் தின்றான், சொன்ன வேலைக்குப் போனான். சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. ஒரு முழம் தள்ளி வெட்டினால் படம் பிழைக்கும், ஆனால் தண்ணீர் ஓடாமல் இங்கேயே நிற்கும். பன்னிரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"தண்ணி எங்க நிக்குதோ அங்க வெட்டு" என்றாள்.

கட்டர் இரண்டு கோடு இழுத்தது. அவன் உளியை வைத்து முதல் அடி அடித்தான். நீலச் சில்லுகள் தெறித்தன. இரண்டாவது அடிக்கு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. யாரும் கவனிப்பதற்குள் இடியக்கா எல்லாரையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எல்லாரும் வேடிக்கை பாக்குறீங்க? இங்க என்ன சினிமாவா காட்டுறாங்க? மேனேஜர் சார், வந்த மூணு மாசமா எங்க சார் இருந்தீங்க? உங்க நாற்காலிக்கு மட்டும் வாட்டம் சரியா இருக்கா? ஆர்க்கிடெக்ட் சார், அந்த போனை உள்ள வைங்க, போட்டோ எடுத்தீங்கன்னா வாளியில போட்டுருவேன்! நண்டுக்காரரே, கையெழுத்து நல்லா வருது உங்களுக்கு, போய் அந்தச் சல்லியை அள்ளுங்க! டேய், நீ என்னடா மெதுவா அடிக்கிற, நல்லா அடிடா, அக்கா இருக்கேன்ல, அடி!"

அந்த வளைவு முழுக்க அவள் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. எட்டு மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. அவள் நிறுத்தவில்லை, மூச்சு வாங்காமல் ஒவ்வொருவராகப் பிடித்துக் கிழித்தாள். ஓடை வெட்டி முடிகிற வரைக்கும், முக்கால் மணி நேரம், கத்திக்கொண்டே இருந்தாள். தம்பி அழுதது ஒருவருக்கும் கேட்கவில்லை.